எட்டு மணி மாத்திரையும் பதினைந்து நிமிஷ வேலையும்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ டாக்டர் பதிவு என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கம்ப்யூட்டர் பதிவு என்று நினைத்து வந்தவர்களும்தான். நான் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக பேங்கில் குப்பை கொட்டுகிறவன். மொபைல் ஆப் எழுதுவது எப்படி என்று பாடம் நடத்துகிற தகுதியெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு வேலையைக் குறித்த நேரத்துக்கு, யாரும் ஞாபகப்படுத்தாமல், தினமும் நடக்க வைப்பது என்றால் என்ன என்று பேங்க்காரனுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பிழைப்பே அதுதான்.

ஊரை விட்டு வெளியே இருக்கிற நம்மில் பலருக்கு இது சும்மா தெரிந்துவைத்துக்கொள்கிற விஷயமும் இல்லை. அம்மாவோ அப்பாவோ ஊரில் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் கையில் நாம் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன். மாத்திரையை ஞாபகப்படுத்த ஒரு ஆப், சர்க்கரை அளவைக் குறித்து வைக்க ஒரு ஆப், நடந்த அடிகளை எண்ண ஒரு ஆப் என்று போட்டுக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறோம். இனி போன் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்தப் பதிவு. (கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.)

முதலில் பேங்க் கதை

நீங்கள் ஊருக்கு என்.இ.எஃப்.டி.யில் பணம் அனுப்புகிறீர்கள். அது அனுப்பிய நொடியிலேயே போவதில்லை. அரை மணி நேரத்துக்கு ஒரு மூட்டையாகக் கட்டித்தான் ரிசர்வ் வங்கியின் அமைப்பு அனுப்புகிறது. 2019 டிசம்பர் 16 முதல் ராத்திரி பகல், ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்க்காமல் ஒரு நாளைக்கு 48 மூட்டை. ஒவ்வொரு மூட்டையும் முடிந்த 2 மணி நேரத்துக்குள் பணம் வாங்குகிறவர் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும். தவறினால் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து அந்த பேங்க் வட்டி கொடுக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மூட்டையாகக் கட்டுவது. ஒவ்வொரு செக்குக்கும் ஒரு தடவை ப்யூனை கிளியரிங் ஹவுசுக்கு அனுப்பினால் அவர் கால் தேய்ந்துவிடும். சேர்த்து ஒரு பையில் போட்டு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு, நேரத்துக்கு நடக்காவிட்டால் யார் பொறுப்பு என்று எழுதி வைத்திருப்பது.

போன் முதலாவதை அருமையாகச் செய்கிறது. இரண்டாவது அதனிடம் கிடையாது. கதையே இதுதான். மீதியெல்லாம் விளக்கம்.

மகள் எழுதிய ஆப்

இருப்பது நாக்பூரில். அம்மா அம்பாசமுத்திரத்தில். இங்கிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி, சென்னையிலிருந்து ஊருக்கு இன்னொரு ராத்திரி. நினைத்தால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிற தூரமில்லை. அம்மாவுக்குக் காலையில் பிரஷர் மாத்திரை, ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை. காலை மாத்திரை காபியோடு சேர்ந்து பழகிவிட்டது. ராத்திரி மாத்திரைதான் சீரியலில் கரைந்து போகும்.

இன்ஜினியரிங் படிக்கிற என் மகள் 2024 தீபாவளி லீவில் ஆச்சிக்காக ஒரு ஆப் எழுதினாள். எட்டு மணிக்கு அது மணி அடிக்கும். ஆச்சி பெரிய பச்சைப் பட்டனை அமுக்கினால் ‘போட்டாச்சு’ என்று எங்களுக்குச் செய்தி வரும். உள்ளே என்ன செய்திருந்தாள் என்றால், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆப் பின்னணியில் எழுந்து மணி பார்க்கும். எட்டு ஆகியிருந்தால் அடிக்கும். அவள் மேஜையில், சார்ஜரில் சொருகிய போனில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். பிசகாமல் அடித்தது. தங்கமணிக்கு ஒரே பெருமை. அம்பாசமுத்திரத்துக்குப் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

முதல் நாலு நாள் சரி. ஐந்தாவது நாள் ராத்திரி எட்டு மணி அலாரம் ஒன்பதே முக்காலுக்கு அடித்தது. அப்புறம் ஒரு நாள் அடிக்கவே இல்லை. மறுநாள் அம்மா பேத்தியிடம், “ஏட்டி, ஒன் செல்லு நேத்து கத்தவே இல்லையே, வாய மூடிட்டுக் கெடக்கு” என்றாள். மாத்திரை போட்டீங்களா ஆச்சி என்று கேட்டதற்கு, “அது கத்தும்னு பாத்துட்டே இருந்தேன்” என்று பதில்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த பதில்தான். ஆப் இல்லாத காலத்தில் அம்மா தானாக ஞாபகம் வைத்துப் பாதி நாளாவது போட்டுக்கொண்டிருந்தாள். ஆப் வந்ததும் ஞாபகத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டாள். ஒப்படைத்த இடம் தூங்கிவிட்டது.

போன் ஏன் தூங்குகிறது?

பொங்கலுக்குப் போனபோது மகள் அந்தப் போனை நோண்டிப் பார்த்தாள். அவள் சொன்னதையும், அப்புறம் நானாகப் படித்துப் பார்த்ததையும் என் பாஷையில் சொல்கிறேன்.

நாற்பது ஆப் இருக்கிற ஒரு போன். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு 15 நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்தால் ஒரு நாளைக்கு ஒரு ஆப்புக்கு 96 தடவை. மொத்தம் 3,840 தடவை. ஒவ்வொரு தடவையும் பிராசசர் விழிக்க வேண்டும், சிக்னல் வாங்குகிற ரேடியோவும் விழிக்க வேண்டும். அந்த ரேடியோ விழித்தால் வேலை முடிந்ததும் உடனே படுக்காது, சில நொடி விழித்தபடியே இருந்துவிட்டுத்தான் படுக்கும். பேட்டரி மத்தியானத்துக்குள் காலி. ஆகவே எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பி, ஒரே மூட்டையாக வேலை வாங்கிவிட்டு, சேர்ந்து தூங்க வைக்கிறது போன். நம்ம ப்யூன் கதைதான்.

ஆண்ட்ராய்டில் இதற்கென்று 2014-ல் வந்த 5.0 பதிப்பிலேயே ஜாப் ஷெட்யூலர் என்று ஒன்று வந்துவிட்டது. 2018-ல் கூகுள் ஒர்க் மேனேஜர் என்று ஒன்றை அறிவித்தது. இப்போது ஆப் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது இதைத்தான். திரும்பத் திரும்ப நடக்கிற வேலைக்கு இதில் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிஷம். ஐந்து நிமிஷம் என்று கேட்டாலும் பதினைந்தாக்கிவிடும். அந்த 15 நிமிஷமும் மணிக்கூண்டு கணக்கில்லை. ‘இந்த 15 நிமிஷத்துக்குள் எனக்குத் தோதான ஏதோ ஒரு நேரத்தில் ஒரு தடவை’ என்றுதான் அர்த்தம். நெட் இருந்தால்தான், சார்ஜ் போட்டிருந்தால்தான் என்று நிபந்தனைகளும் போடலாம். போனை அணைத்துப் போட்டாலும் வேலைப் பட்டியல் மறக்காது. எல்லாம் நல்ல குணம்தான். ஆனால் துல்லியமான நேரத்துக்கு இது ஆகாது என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் 2015-ல் 6.0 பதிப்போடு வந்த ‘டோஸ்’. மாத்திரை டோஸ் இல்லை, தங்கமணி விடுகிற டோசும் இல்லை :-) கண்ணயர்தல் என்கிற டோஸ். சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால் போன் ஆழ்ந்து தூங்கப் போய்விடும். நெட் கிடையாது, பின்னணி வேலை கிடையாது, சாதாரண அலாரம்கூடக் கிடையாது. அவ்வப்போது கொஞ்ச நேரம் கண் விழித்து, காத்திருக்கும் வேலைகளை முடித்துவிட்டு மறுபடி தூங்கும். நேரம் ஆக ஆக அந்த விழிப்புகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

அம்மாவின் போன் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எங்கே இருக்கும் தெரியுமா? ஃபிரிட்ஜ் மேலே. அசையாமல். ஒன்பதே முக்காலுக்கு யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அம்மா கையில் எடுத்திருக்கிறாள், போன் விழித்திருக்கிறது, எட்டு மணி வேலை அப்போது நடந்திருக்கிறது. எங்கள் மேஜையில் சார்ஜரில் ஓட்டிப் பார்த்தபோது டோஸ் வந்திருக்கவே வழியில்லை.

அடிக்கவே அடிக்காத நாளுக்குக் காரணம் வேறு. “ராத்திரி எல்லாத்தையும் மேல தள்ளி விட்டுருவேன்யா. அப்பதான் சார்ஜு நிக்கும்னு பக்கத்து வீட்டுப் பய சொன்னான்.” சாதாரணமாக ஆண்ட்ராய்டில் அப்படித் தள்ளிவிட்டால் பின்னணி வேலை சாகாது. ஆனால் சில கம்பெனிக்காரர்கள் பேட்டரி நிறைய நேரம் வருகிறது என்று விளம்பரத்தில் சொல்வதற்காகச் சொந்தமாகச் சில கெடுபிடிகள் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் போன்களில் தள்ளிவிட்டால் ஆப்பையே அடித்து உட்கார வைத்துவிடும். மறுபடி கையால் திறக்கிற வரைக்கும் மூச்சு கிடையாது. அம்மாவின் போன் அந்த ஜாதி.

ஐபோன் வைத்திருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே இன்னும் கறார். பின்னணியில் எப்போது விழிக்கலாம் என்று ஆப் கேட்கத்தான் முடியும். நாம் அந்த ஆப்பை எப்போதெல்லாம் திறக்கிறோம் என்று பார்த்து போன்தான் முடிவு செய்யும். விழித்தாலும் சின்ன வேலைக்குச் சுமார் 30 நொடிதான். தள்ளி மூடிவிட்டால் மறுபடி நாம் திறக்கும்வரை அந்த வேலை நடக்காது.

மூன்று கேள்வி

ராத்திரி நடக்கிற எந்த வேலையானாலும் பேங்கில் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். மகளிடமும் அதையே கேட்டேன். கம்ப்யூட்டர் தெரியாதவன் கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

ஒன்று: தாமதமானால் பரவாயில்லையா?

சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்பின் மேல் வட்டி கணக்கிடுகிறோம். இன்று ராத்திரி கணக்குப் போட முடியாமல் போனால் நாளைக்குப் போடலாம். இன்றைய இருப்பு லெட்ஜரில் பத்திரமாக இருக்கிறது. போட்டோக்களை கூகுளுக்கு ஏற்றுவது, நடந்த அடிகளைக் கணக்கில் சேர்ப்பது எல்லாம் இந்த ரகம். பின்னணி வேலைக்கென்றே பிறந்தவை. மாத்திரை அப்படியில்லை. எட்டு மணி மாத்திரையை மறுநாள் காலையில் ‘நிலுவை’யாகச் சேர்த்துப் போட முடியாது. நேரம்தான் முக்கியம் என்றால் அது பின்னணி வேலையே இல்லை, அலாரம். அதற்கு ஆண்ட்ராய்டில் தனி வழி இருக்கிறது. நம் போனில் இருக்கிற கடிகாரம் காலையில் எழுப்புகிறதே, அது போகிற வழி. அந்த அலாரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போன் டோசிலிருந்து எழுந்து தயாராகிவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு 14-ல் (2023) இருந்து புதிதாகப் போடுகிற பெரும்பாலான ஆப்களுக்கு இந்தத் துல்லிய அலாரம் அனுமதி தானாகக் கிடைக்காது. அமைப்புகளில் போய் நாம் கொடுக்க வேண்டும். போனை அணைத்துப் போட்டால் வைத்த அலாரம் அழிந்துவிடும், ஆப் மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதில் உண்டு.

இரண்டு: ஒரே வேலை இரண்டு தடவை நடந்தால் என்ன ஆகும்?

ஈ.எம்.ஐ. பிடிக்கிற வேலை பாதியில் நின்றால் மறுபடி ஓட்டுவோம். அப்படி ஓட்டும்போது ஏற்கெனவே பிடித்தவர்களிடம் இன்னொரு தடவை பிடித்துவிடக் கூடாது. பிடித்தால் மறுநாள் காலையில் கவுண்டரில் சட்டையைப் பிடிப்பார்கள். அதனால் முதலில் லெட்ஜரைப் பார், பதிவு இல்லாவிட்டால் மட்டும் பற்று வை. போனிலும் இதே கதை. ஒரு வேலை தோற்றால் ஒர்க் மேனேஜரை 30 நொடி விட்டு, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மறுபடி மறுபடி முயற்சி செய்யச் சொல்லலாம். செய்தி அனுப்ப அது நல்லது. ஆனால் மாத்திரை மணி இரண்டு தடவை அடித்தால், முதல் தடவை போட்டதை மறந்த எழுபத்தைந்து வயசு மனுஷி இன்னொன்றும் போட்டுக்கொள்வாள். சர்க்கரை மாத்திரையில் சிலவற்றை அப்படி இரட்டையாகப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி ஆள் மயங்கிவிடும். போடாமல் விட்டதைவிட அது ஆபத்து.

இதற்கு லெட்ஜர் எது? கம்ப்யூட்டரே இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கிற ஏழு நாள் மாத்திரை டப்பா! ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வைத்தால், இன்றைய அறை காலியா இல்லையா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அலாரம் பத்து தடவை அடித்தாலும் காலி அறையிலிருந்து மாத்திரை வராது. ஆப்பின் மணிச் செய்தியையும் மகள் மாற்றினாள்: ‘மாத்திரை போடுங்கள்’ என்று இருந்ததை ‘டப்பாவைப் பாருங்கள்’ என்று.

மூன்று: நடக்காவிட்டால் யார் சொல்லுவார்கள்?

இதுதான் பெரிய கேள்வி. நடந்தால் செய்தி வரும் என்று வைத்திருந்தோம். செய்தி வராத நாள்? அம்மா மாத்திரை போடவில்லையா, பட்டனை அமுக்க மறந்தாளா, போனில் சார்ஜ் இல்லையா, நெட் இல்லையா, இல்லை அம்மாவுக்கே உடம்புக்கு ஏதாவதா? ஐந்தும் நாக்பூரில் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றும் வராது, அவ்வளவுதான். நாமும் அலுவலக அலுப்பில் வராததைக் கவனிக்க மாட்டோம். வந்ததைத்தான் மனுஷன் கவனிப்பான்.

பேங்கில் நடந்த வேலையின் பட்டியலைவிட நடக்காததின் பட்டியலுக்குத்தான் மரியாதை அதிகம். காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது, தோற்றுப் போன வேலையாக இருக்கக் கூடாது. வேறொன்றாக இருக்க வேண்டும். தூங்கிப் போன காவல்காரன் ‘நான் தூங்கிவிட்டேன்’ என்று வந்து சொல்ல மாட்டான் அல்லவா?

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அம்மா போனிலிருந்து வருகிற ‘போட்டாச்சு’ ஒரு சர்வருக்குப் போகிறது. அந்த சர்வரில் கிரான் என்ற பழைய ஏற்பாடு. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸோடு வளர்ந்த சமாசாரம். சர்வருக்கு பேட்டரிக் கவலை கிடையாது, தூக்கமும் கிடையாது. சொன்ன நிமிஷத்துக்கு நடக்கும். எட்டரைக்கு அது பார்க்கும். செய்தி வரவில்லை என்றால் என் போனுக்கும் மகள் போனுக்கும் உடனே தட்டி எழுப்புகிற அவசரச் செய்தி அனுப்பும். அப்படி வெளியிலிருந்து வருகிற அவசரச் செய்தி டோசில் இருக்கிற போனையும் எழுப்பும். அந்தச் செய்தி வந்தால் நான் அம்மாவைக் கூப்பிடுவேன். அம்மா எடுக்காவிட்டால் பக்கத்து வீடு. அதே, ‘தள்ளி விடு’ என்று சொன்ன பையன் வீடுதான். நல்ல பிள்ளை. ராத்திரி ஒன்பது மணிக்கும் சலிக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

ஊருக்குப் போகும்போது

மகள் உங்களுக்கு ஆப் எழுதித் தரப் போவதில்லை (சம்பளம் கேட்கிறாள்). ஆனால் பெற்றவர்கள் போனில் நீங்களே பார்க்க வேண்டியவை இவை. கால் மணி நேர வேலை.

1. மாத்திரை ஞாபகம் மட்டும் போதும் என்றால் தனி ஆப்பே வேண்டாம். போனோடு வருகிற கடிகாரத்தில் அலாரம் வைத்து, பெயர் எழுதிவிடுங்கள். அலாரச் சத்தம் தனி, ரிங் சத்தம் தனி, இரண்டையும் பாருங்கள்.

2. ஆப் வேண்டுமென்றால், அமைப்புகளில் அந்த ஆப்புக்கான பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ‘தானாகத் தொடங்கு’ என்று தனியாக ஒன்று சில போன்களில் உண்டு, அதையும் அனுமதியுங்கள்.

3. அறிவிப்பு அனுமதி, துல்லிய அலாரம் அனுமதி இரண்டும் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 (2022) முதல் அறிவிப்பு காட்டவே ஆப் அனுமதி கேட்க வேண்டும். பெரியவர்கள் பயந்துபோய் ‘வேண்டாம்’ என்று அமுக்கியிருப்பார்கள்.

4. சில மாதம் தொடாமல் கிடக்கிற ஆப்பைப் போனே நிறுத்தி வைத்துவிடும். அந்த ஆப்பின் பக்கத்தில் அதை அணைக்க ஒரு பொத்தான் உண்டு.

5. சோதனையை உங்கள் கையில் வைத்துச் செய்யாதீர்கள். போன் வழக்கமாகக் கிடக்கிற இடத்தில், சார்ஜர் இல்லாமல், மூன்று நான்கு மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு அடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு தடவை போனை அணைத்துப் போட்டுவிட்டும் பாருங்கள்.

6. ஏழு நாள் டப்பா. மறக்காதீர்கள்.

7. செய்தி வராவிட்டால் யார் யாரைக் கூப்பிடுவது என்று குடும்பத்தில் பேசி முடிவு செய்துவிடுங்கள். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாம் சரி செய்து முடித்த அன்று மகள் ஆச்சிக்கு மறுபடி ஒரு தடவை எப்படி அமுக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, “மணி அடிச்சா போட்டுக்கிடுதேன்யா. அதுக்காவ நீ போன் பண்ணாம இருந்துறாத” என்றாள்.

அதனால் பச்சைப் பட்டன் செய்தி ஒழுங்காக வந்துவிட்ட நாளிலும் எட்டேமுக்காலுக்குக் கூப்பிடுகிறேன். மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. இப்போது அதற்கு அவசியமில்லை. என்ன குழம்பு, யார் வந்தார்கள், தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பேசுகிறோம். முன்பெல்லாம் ‘மாத்திரை போட்டியா’ என்று ஆரம்பித்து அதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் என்னவெல்லாம் படுத்துகிறது என்று எழுதுங்கள். தெரிந்தால் நான் சொல்கிறேன், தெரியாவிட்டால் மகளைக் கேட்டுச் சொல்கிறேன்.